வீட்டு நோட்டீஸ் முதல் சுண்ணாம்புக்கல் வரி வரை: உச்ச நீதிமன்றத்தின் 2024, வாசகர் கேள்வி-பதில்

2024-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு மட்டுமே மூன்று தீர்ப்புகளைத் தந்தது. ஏழு பேர், ஐந்து பேர் அமர்ந்த வழக்குகள் தனி. அந்தத் தீர்ப்புகள் தங்கள் வீட்டையும் வேலையையும் நிலத்தையும் எப்படித் தொடுகின்றன என்று வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

புல்டோசர் தீர்ப்பு வந்த பிறகு, நோட்டீஸ் கொடுக்காமல் எந்த வீட்டையும் இடிக்க முடியாது என்கிறார்கள். எங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்கு அதிகாரிகள் நாள் குறித்துவிட்டார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகர், திருநெல்வேலி

முதலில் பார்க்க வேண்டியது, வீடுகள் எந்த நிலத்தில் நிற்கின்றன என்பது. 2024 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் அமர்வு தந்த தீர்ப்பு (தீர்ப்பின் அடையாள எண் 2024 ஐஎன்எஸ்சி 866) எல்லாக் கட்டடங்களுக்கும் பொருந்தாது. சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதையை ஒட்டிய இடம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் அனுமதியின்றி எழுப்பியவற்றுக்கு இந்த வழிமுறைகள் கிடையாது என்று தீர்ப்பே சொல்கிறது. நீதிமன்றமே இடிக்கச் சொல்லியிருந்தாலும் கிடையாது. உங்கள் ‘அ’ பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் அந்தச் சர்வே எண் ஓடை, குளம், வாய்க்கால் என்று இருந்தால் இந்தத் தீர்ப்பை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். அதற்காக, கேட்க ஆளே இல்லை என்றும் ஆகிவிடாது. வருவாய்த் துறை என்றால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு நோட்டீசும் 6-ஆம் பிரிவு உத்தரவும் வேண்டும். ஏரி, குளம் என்றால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்துக்குத் தனி நடைமுறை உண்டு. பி-மெமோ (ஆக்கிரமிப்புக்கு வருவாய்த் துறை தரும் அபராத அறிவிப்பு) போட்டுவிட்டோம் என்பது மட்டும் வெளியேற்றும் உத்தரவு ஆகாது.

பட்டா நிலத்தில் கட்டி, அனுமதி இல்லை அல்லது அனுமதியை மீறியிருக்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு என்றால் தீர்ப்பு முழுமையாக உங்கள் பக்கம் வரும். அதன்படி நோட்டீஸ் பதிவு அஞ்சலில் வர வேண்டும், கட்டடத்தின் வெளிப்புறத்திலும் ஒட்டப்பட வேண்டும். உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து குறைந்தது 15 நாள் அவகாசம். உள்ளூர்ச் சட்டம் அதைவிட அதிக நாள் தந்தால் அந்தக் கணக்குதான் செல்லும். நம் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தருகிறது.

நோட்டீசில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எந்தப் பகுதி அனுமதியற்றது, எந்த விதியை மீறியது, நீங்கள் என்ன ஆவணங்கள் தர வேண்டும், நேரில் விசாரணை எந்தத் தேதியில் எந்த அதிகாரி முன்பு. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அதையே முதல் ஆட்சேபமாக எழுதிக் கொடுங்கள். பழைய தேதி போட்ட நோட்டீசைக் கடைசி நாளில் கொண்டுவந்து நீட்டும் வழக்கத்தை அடைக்கவே, நோட்டீஸ் சார்வு செய்தவுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போக வேண்டும், அங்கிருந்து தானாக ஒப்புகை திரும்ப வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது. அந்த ஒப்புகை எந்தத் தேதியில் வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தேதி குறித்த சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

விசாரணையில் நீங்கள் சொன்னதைப் பதிவு செய்ய வேண்டும். இறுதி உத்தரவில் அதற்குப் பதில் இருக்க வேண்டும். கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்தக் கூடிய மீறலா, மீறிய பகுதி மட்டும் போனால் போதுமா, முழுக் கட்டடத்தையும் இடிப்பதைத் தவிர ஏன் வேறு வழியில்லை என்பதற்கும் காரணம் எழுத வேண்டும். உத்தரவு கிடைத்த பின்னும் 15 நாள் கையை வைக்கக் கூடாது. அந்த நாள்களில் மேல்முறையீடு செய்யலாம், அல்லது நீங்களே அகற்றிக்கொள்ளலாம். இடிக்கும்போது வீடியோ எடுத்தாக வேண்டும். மீறும் அதிகாரி நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளாவதோடு, இடித்ததைத் தன் சொந்தப் பணத்தில் மீட்டுத் தரவும் நேரிடும்.

பெரும்பாலோர் தவறுவது ஒரே இடத்தில்தான். நோட்டீசை வாங்க மறுத்தால் நாள் ஓடாது என்று நினைக்கிறார்கள். வாங்க மறுத்தாலும் கிடைத்ததாகவே கொள்ளப்படலாம். வாங்குங்கள், வாங்கிய தேதியைக் கையெழுத்துக்கு மேல் எழுதுங்கள், பதிலைப் பதிவு அஞ்சலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்படியானால் விதிமீறிக் கட்டியவர்களுக்கு இது பாதுகாப்புத் தீர்ப்பா?
– வாசகி, ஓசூர்

இல்லை. அடுத்த மாதமே, 2024 டிசம்பர் 17 அன்று, நீதிபதிகள் பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு மீரட் நகரத்து வழக்கு ஒன்றில் இன்னொரு பக்கத்தைச் சொன்னது. எத்தனை ஆண்டு ஆனது, எவ்வளவு பணம் போட்டது என்பதெல்லாம் விதிமீறலுக்குச் சமாதானம் ஆகாது. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு எல்லாம் பணி நிறைவுச் சான்றிதழைப் பார்த்த பிறகே தரப்பட வேண்டும். வங்கிகளும் அதைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் மேல் கடன் தர வேண்டும். இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் சட்டம் விளங்கும்: இடிக்கலாம், ஆனால் முறைப்படி. பழைய அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் அனுமதி வரைபடத்தோடு நிறைவுச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

அருந்ததியர் உள் ஒதுக்கீடு 2009 முதலே நடைமுறையில் இருக்கிறதே. 2024 தீர்ப்பால் புதிதாக என்ன கிடைத்தது?
– வாசகர், கோபிச்செட்டிபாளையம்

புதிதாகக் கிடைத்தது உறுதி. அதுவரை அந்தச் சட்டத்தின் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது.

2004-இல் ஆந்திர வழக்கு ஒன்றில் (சின்னையா வழக்கு) ஐந்து நீதிபதிகள், பட்டியல் சாதியினர் அனைவரும் ஒரே வகுப்பு, அதற்குள் மாநில அரசு பிரிவினை செய்யக் கூடாது என்றார்கள். அதற்கு ஐந்து ஆண்டு கழித்துத்தான், நீதிபதி எம்.எஸ்.ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரையை வைத்து, பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காட்டைத் தமிழ்நாடு அருந்ததியருக்குத் தந்தது. சின்னையா தீர்ப்பு நிற்கும்வரை நம் சட்டத்துக்கு ஆபத்து இருந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று பஞ்சாப் அரசு – தவிந்தர் சிங் வழக்கில் (2024 ஐஎன்எஸ்சி 562) ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் சின்னையா தவறு என்றார்கள். நீதிபதி பேலா திரிவேதி மட்டும் மாறுபட்டார். பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் ஒரே அளவு ஒடுக்கப்பட்டவை அல்ல, அந்த வேறுபாட்டை அரசு கணக்கில் எடுக்கலாம் என்பதுதான் சாரம்.

நடைமுறையில் கணக்கு மாறவில்லை. வேலை இடங்களை வகுப்புவாரியாகப் பிரிக்கும் தமிழ்நாட்டின் 200 புள்ளி சுழற்சிப் பட்டியலில் பட்டியல் சாதியினருக்கு 30, அருந்ததியருக்கு 6, பழங்குடியினருக்கு 2 என்பது அப்படியே இருக்கிறது. சட்டத்தின்படி அருந்ததியர் என்பது ஏழு சாதிகள்: அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர். சாதிச் சான்றிதழில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால்தான் அந்த 6 புள்ளிகளுக்குப் போட்டியிட முடியும். ‘ஆதி திராவிடர்’ என்று சான்றிதழ் வாங்கிவிட்டுத் தேர்வு விண்ணப்பத்தில் அருந்ததியர் என்று குறித்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கிக்கொள்ளும். தேர்வு அறிவிப்பு வருமுன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் சரிசெய்யுங்கள்.

தீர்ப்பு போட்ட எல்லைகளும் முக்கியம். ஒரு சாதிக்கே முழு இடத்தையும் தந்து மற்றவர்களை வெளியே தள்ளக் கூடாது. எந்தப் பிரிவுக்குத் தருகிறார்களோ அதன் பிரதிநிதித்துவம் குறைவு என்பதைப் புள்ளிவிவரத்தோடு காட்ட வேண்டும். அதை நீதிமன்றம் சோதிக்கும். இது வெறும் வார்த்தை அல்ல என்பதை நம் மாநிலம் பட்டுத் தெரிந்துகொண்டது. வன்னியருக்கான 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது, அண்மைக்காலத் தரவு இல்லாததால்தான். இனி எந்த மாநிலமும் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவருமுன் முதலில் கணக்கெடுப்பு, பிறகு சட்டம் என்ற வரிசையை மாற்ற முடியாது. பட்டியலில் புதிய சாதியைச் சேர்ப்பதோ நீக்குவதோ இன்றும் நாடாளுமன்றத்தின் வேலைதான், அரசியல் சாசனத்தின் 341-ஆம் பிரிவின்படி.

அதே தீர்ப்பில் பட்டியல் சாதியினருக்கும் ‘கிரீமி லேயர்’ வந்துவிட்டது என்கிறார்களே?
– வாசகி, விழுப்புரம்

வரவில்லை. ஏழு பேரில் நான்கு நீதிபதிகள் (கவாய், விக்ரம் நாத், பங்கஜ் மித்தல், சதீஷ் சந்திர சர்மா) வசதியடைந்தோரைப் பிரித்து விலக்குவது பற்றிச் சாதகமாக எழுதினார்கள். நான்கு என்பது பெரும்பான்மைதானே என்று தோன்றும், குழப்பம் பிறப்பதும் அங்கேதான். அமர்வின் முன் வைக்கப்பட்ட கேள்வி, உள் ஒதுக்கீடு செல்லுமா என்பது மட்டுமே. கேட்கப்படாத கேள்விக்கு நீதிபதி சொல்லும் கருத்துக்கு மதிப்பு உண்டு, கட்டுப்படுத்தும் வலிமை கிடையாது. கேள்விக்கு விடையாகவும் அதற்குக் காரணமாகவும் எது சொல்லப்பட்டதோ அதுதான் 141-ஆம் பிரிவின்படி நாட்டின் சட்டம். ஆகஸ்ட் 9 அன்று ஒன்றிய அமைச்சரவையும் அப்படி ஒரு விலக்கு அரசியல் சாசனத்தில் இல்லை என்றது. இன்றைய நிலையில் பெற்றோரின் வருமானத்தைக் காட்டி பட்டியல் சாதி மாணவருக்கு ஒதுக்கீட்டை யாராவது மறுத்தால் அது சட்டப்படி தவறு.

சுரங்கத்துக்கு ராயல்டி கட்டுகிறார்கள். அதற்கு மேல் மாநில அரசு வரி போட எப்படி அனுமதித்தது நீதிமன்றம்?
– வாசகர், அரியலூர்

இந்த வழக்கின் வேர் நம் ஊரில்தான் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டு மதராஸ் பஞ்சாயத்துச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, நில வருவாயில் ரூபாய்க்கு 45 பைசா தலவரி விதித்தது. பழைய கிஸ்தி ரசீதுகளில் பார்த்திருப்பீர்கள். நில வருவாய் என்பதற்குள் ராயல்டியும் (கனிமம் எடுக்கத் தரும் தொகை) அடங்கும் என்று அரசு வசூலிக்க, இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. 1989-இல் ஏழு நீதிபதிகள் அந்த வரி செல்லாது என்றார்கள். தீர்ப்பில் “ராயல்டி ஒரு வரி” என்று ஒரு வாக்கியம் விழுந்தது. 2004-இல் மேற்கு வங்க வழக்கில் ஐந்து நீதிபதிகள், அது அச்சுப் பிழை, ராயல்டி மீதான செஸ் (மேல்வரி) ஒரு வரி என்று இருக்க வேண்டியது என்றார்கள். ஏழு பேர் எழுதியதை ஐந்து பேர் எப்படித் திருத்துவது? எந்தத் தீர்ப்பைப் பின்பற்றுவது என்று உயர் நீதிமன்றங்கள் திணறின. ஒற்றை வாக்கியத்தின் பெயரால் முப்பத்தைந்து ஆண்டு மாநிலங்களின் வருவாய் முடங்கியது வருத்தத்துக்குரியது.

2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், முடிச்சை அவிழ்த்தார்கள். ராயல்டி என்பது குத்தகைக்கு எடுத்தவர் கனிமத்தின் உரிமையாளருக்குத் தரும் ஒப்பந்தத் தொகை, அது வரி அல்ல. ஆகவே கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலம் வரி விதிக்கலாம், தோண்டியெடுக்கும் கனிமத்தின் அளவையோ மதிப்பையோ அந்த வரிக்கு அளவுகோலாகக் கொள்ளலாம். கனிம உரிமை மீதான வரிக்கு நாடாளுமன்றம் எல்லை போட முடியும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மாறுபட்டவர் நீதிபதி பி.வி.நாகரத்னா. அதைத் தொடர்ந்து தமிழ்நாடும் கனிமவள நிலங்களுக்கான வரிச் சட்டத்தை இயற்றியது, 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

ஆகஸ்ட் 14 அன்று தனியாக ஓர் உத்தரவு வந்ததைப் பலர் கவனிக்கவில்லை, தொழில் செய்பவர்களுக்கு அதுதான் முக்கியம். மாநிலங்கள் பழைய பாக்கியைக் கேட்கலாம், ஆனால் 2005 ஏப்ரல் 1-க்கு முந்தைய காலத்துக்குக் கேட்கக் கூடாது. தொகையை 2026 ஏப்ரல் 1 முதல் 12 ஆண்டுத் தவணையில் வாங்க வேண்டும். 2024 ஜூலை 25-க்கு முந்தைய காலத்துக்கு வட்டியும் அபராதமும் கிடையாது. பழைய பாக்கி நோட்டீஸ் எதுவும் வந்தால் இந்த மூன்று தேதிகளையும் அதில் பொருத்திப் பாருங்கள்.

தனியார் சொத்தை அரசு எடுக்க முடியாது என்று ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்களாம். தொழிற்பேட்டைக்கு எங்கள் தோட்டத்தைக் கேட்கிறார்கள். தீர்ப்பைக் காட்டித் தடுக்கலாமா?
– வாசகர், கோவை மாவட்டம்

அந்தத் தீர்ப்பைக் காட்டித் தடுக்க முடியாது. 2024 நவம்பர் 5 தீர்ப்பு மும்பையின் பழைய வாடகைக் கட்டடங்கள் பற்றியது. அரசியல் சாசனத்தின் 39(பி) பிரிவில் வரும் ‘சமுதாயத்தின் பொருள் வளங்கள்’ என்ற சொற்றொடருக்குள் ஒவ்வொரு தனியார் சொத்தும் தானாக அடங்காது என்றது. பொது நோக்கத்துக்காக, இழப்பீடு தந்து நிலம் எடுக்கும் அதிகாரத்தை அது தொடவே இல்லை. 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டமும், தொழில் நோக்கத்துக்கான தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே இருக்கின்றன.

உங்களுக்குப் பயன்படும் தீர்ப்பு வேறு. 2024 மே 16 அன்று கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் நீதிபதிகள் பி.எஸ்.நரசிம்மா, அரவிந்த் குமார் அமர்வு, சொத்துரிமை தரும் 300-ஏ பிரிவுக்குள் ஏழு உரிமைகள் இருப்பதாகச் சொன்னது: நோட்டீஸ் பெறுவது, ஆட்சேபத்தைக் கேட்கச் செய்வது, காரணத்துடன் கூடிய முடிவைப் பெறுவது, பொது நோக்கத்துக்கு மட்டுமே எடுக்கப்படுவது, நியாயமான இழப்பீடு, உரிய காலத்தில் நடவடிக்கை, கடைசியில் சுவாதீனம் எடுத்து முறைப்படி முடிப்பது. உங்கள் ஆட்சேப மனுவை இந்த ஏழு தலைப்புகளில் எழுதுங்கள். ‘நிலம் தர மாட்டோம்’ என்று ஒற்றை வரியில் எழுதிய மனுவை ஒற்றை வரியில் நிராகரித்துவிடுவார்கள். கிணறு, போர்வெல், தென்னை, பண்ணைக் குட்டை என ஒவ்வொன்றையும் எண்ணிக்கையோடும் அடங்கல் நகலோடும் சேருங்கள்.

தேர்தல் பத்திரம் ரத்தானது. இனி கட்சிக்குப் பணம் தருவோர் பெயரெல்லாம் வெளியே வருமா?
– வாசகி, மதுரை

எல்லாம் வராது. பிப்ரவரி 15 தீர்ப்பு பத்திரத் திட்டத்தையும், கம்பெனிகள் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்ற திருத்தத்தையும் ஒருமனதாக நீக்கியது. அதனால் 2017 திருத்தங்களுக்கு முந்தைய நிலை திரும்பியது. கம்பெனி தன் கடைசி மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் தரக் கூடாது, 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர் பெயரைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே தந்தவர் பெயர் தெரியாது. அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது, அதை அடைக்க வேண்டியது நாடாளுமன்றம். ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டதை மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுத்ததும், மறுநாளே விவரம் ஆணையத்தின் கைக்குப் போனதும் நினைவிருக்கும். தீர்ப்பு எழுதுவதோடு நிற்காமல் அதை நிறைவேற்றவும் வைத்தது அந்த அமர்வு.

அசாம் குடியுரிமைத் தீர்ப்பால் முகாமில் உள்ள இலங்கைத் தமிழருக்கு வழி பிறக்குமா?
– வாசகர், மண்டபம்

இந்தத் தீர்ப்பால் பிறக்காது. அக்டோபர் 17 அன்று நான்குக்கு ஒன்று என நிலைநிறுத்தப்பட்ட, குடியுரிமைச் சட்டத்தின் 6-ஏ பிரிவு, இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து 1971 மார்ச் 25-க்கு முன் அசாமுக்கு வந்தவர்களுக்கு மட்டுமே உரியது. பெயரில் ‘குடியுரிமை’ இருப்பதால் யாராவது இதைக் காட்டி விண்ணப்பம் எழுதித் தருகிறேன், பணம் கொடு என்றால் கொடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் குழந்தைகளின் ஆபாசப் படம் வந்தது. பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அது குற்றமா?
– பெயர் வேண்டாத வாசகர்

பார்ப்பது மட்டும் குற்றமல்ல என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, அத்தகைய பதிவை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதிலிருந்தே பகிரும் எண்ணம் இருந்ததாக ஊகிக்கலாம் என்றது. குழுவில் அழித்தால் போதாது. போன் கேலரியிலும் தானியங்கி சேமிப்பிலும் கிளவுடிலும் தங்கியிருக்கும், அங்கெல்லாம் நீக்குங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். குழுவின் பெயர், அனுப்பியவர் எண், தேதி, நேரம் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஆதாரம் என்று நினைத்து அந்தப் படத்தை இன்னொருவருக்கு அனுப்பிவிடாதீர்கள், அதுவே தனிக் குற்றம். அதில் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு பகிர்வும் இன்னொரு முறை நடக்கும் கொடுமை.

தீர்ப்புகளை நேரடியாகப் படிக்க ஆசை. ஆனால் 500 பக்கத்தில் எங்கே தொடங்குவது?
– சட்ட மாணவி, திருச்சி

உச்ச நீதிமன்றத்தின் ஈ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘2024 ஐஎன்எஸ்சி’ என்பதற்குப் பின்னால் உள்ள எண்ணைப் போட்டாலே தீர்ப்பு வந்துவிடும். சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. புரிந்துகொள்ள அதைப் படியுங்கள், மேற்கோள் காட்டும்போது ஆங்கில மூலத்தையே பயன்படுத்துங்கள்.

முதல் பக்கத்தில் நீதிபதிகளை எண்ணுங்கள். அடுத்து, தனித்தனியாக எத்தனை தீர்ப்புரைகள் என்று பாருங்கள். தவிந்தர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகளுக்கு ஆறு தீர்ப்புரைகள். பிறகு ‘முடிவு’ என்ற தலைப்புக்கு நேராகப் போய், அங்கிருந்து பின்னோக்கி வந்து, அமர்வுக்கு அனுப்பப்பட்ட கேள்வி எது என்று தேடுங்கள். கேள்வியையும் முடிவையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதிக்கொண்டு நடுவில் உள்ளதைப் படித்தால், எந்தப் பத்தி காரணம், எந்தப் பத்தி வழக்கின் வரலாறு, எது உபரிக் கருத்து என்று தானே பிரியும். மாறுபட்ட தீர்ப்புரையைக் கடைசியில் படியுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். பெரும்பான்மையின் பலவீனமான இடம் எது என்பதை அதுதான் விரல் வைத்துக் காட்டும்.

படித்து முடித்ததும் தீர்ப்பின் தேதிக்குப் பிறகு என்ன நடந்தது என்றும் தேடுங்கள். தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கக் கோரும் சீராய்வு மனுவுக்கு 30 நாள். பெரும்பாலும் அதே நீதிபதிகள் தங்கள் அறையிலேயே மனுவைப் பார்த்து முடிவெடுப்பார்கள், வழக்கறிஞர் வாதம் இருக்காது. உள் ஒதுக்கீடு, தேர்தல் பத்திரம் இரண்டிலும் சீராய்வு மனுக்கள் 2024 செப்டம்பரிலேயே தள்ளுபடியாகிவிட்டன. கனிம வழக்கில் ஆகஸ்ட் 14 உத்தரவைப் பார்க்காமல் ஜூலை 25 தீர்ப்பை மட்டும் படித்தவருக்குப் பாதிச் சட்டம்தான் தெரியும்.